ஆறுக்கு மூன்று: ஒரு மதிப்பெண்ணுக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு

இரண்டு விடைத்தாள்கள். இரண்டிலும் அதே ஆறு கழித்தல் கணக்குகள்: 64−21, 98−55, 87−35, 52−27, 81−46, 70−34. இரண்டு பேரும் வாங்கியது ஆறுக்கு மூன்று.

முதல் மாணவர் முதல் மூன்றையும் சரியாகப் போட்டிருக்கிறார். அடுத்த மூன்றுக்கு 35, 45, 44 என்று எழுதியிருக்கிறார். வரவேண்டிய விடைகள் 25, 35, 36. இரண்டாம் மாணவரின் தாளில் தவறுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கின்றன. 52−27 சரி, 70−34 சரி, ஆனால் 98−55-இல் ஒரு இலக்கம் பிசகியிருக்கிறது. 87−35-ஐ எழுதவே இல்லை. 81−46 பாதியில் நிற்கிறது.

முதல் தாளை இன்னொரு முறை பாருங்கள். 52−27-இல் 2-லிருந்து 7 போகாது. அதனால் அவர் 7-லிருந்து 2-ஐக் கழித்து 5 என்று போட்டுவிட்டார். 81−46-இல் 6-லிருந்து 1. 70−34-இல் 4-லிருந்து 0. மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்க்காமல், பெரியதிலிருந்து சிறியதை எடுப்பது அவருடைய விதி. அதை ஒரு இடத்தில்கூட அவர் மீறவில்லை. இவரிடம் இருப்பது கவனக்குறைவு அல்ல, தவறான ஒரு விதியின் மேல் முழு விசுவாசம். 1978-இல் ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 'பக்கி' என்ற கணினி நிரலைப் பற்றி எழுதினார்கள். கழித்தலில் பிள்ளைகள் செய்யும் இந்த மாதிரி முறையான தவறுகளை வகைவகையாகப் பிரித்து வைத்த வேலை அது. மேலே சொன்னது அந்தப் பட்டியலில் மிகவும் பெயர்பெற்ற தவறு.

இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஆசிரியருக்கு வித்தியாசம் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பதிவேட்டில் ஏறுவதோ இரண்டு 'மூன்று'கள்தான். கற்றலை அளக்கும் கணித மாதிரிகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே, 'மனிதரின் அறிவை எப்படி ஐயா சூத்திரத்தில் அடைப்பது?' என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான். ஆனால் மதிப்பெண்களைக் கூட்டி மொத்தம் போடுவதும் ஒரு கணித மாதிரிதான் என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. எல்லாக் கேள்விகளும் ஒரே எடை, எல்லாம் ஒரே திறனைத்தான் சோதிக்கின்றன, குருட்டாம்போக்கில் கிடைத்த சரியும் தெரிந்து எழுதிய சரியும் ஒன்று. இவ்வளவு அனுமானங்களையும் வாய்திறக்காமல் செய்துவிடுகிறது அந்தக் கூட்டல். மற்ற மாதிரிகள் தங்கள் அனுமானங்களை வெளியே எடுத்து வைக்கின்றன. என்னைக் கேட்டால், அவற்றின் பெரிய பயன் துல்லியம்கூட இல்லை, சண்டை போடுவதற்கு ஒரு பிடி கொடுப்பதுதான்.

பழைய கோட்பாட்டிலிருந்து தொடங்கலாம். 1904-இல் சார்லஸ் ஸ்பியர்மேன் எழுதியவற்றிலிருந்து வளர்ந்தது அது. ஒருவர் வாங்கும் மதிப்பெண் என்பது அவருடைய 'உண்மை மதிப்பெண்'ணும் கொஞ்சம் பிழையும் சேர்ந்தது என்கிறது. பிழை என்ற ஒன்றை ஒப்புக்கொண்டதே பெரிய முன்னேற்றம். இருந்தாலும் ஒரு சிக்கல் தீரவில்லை. சுலபமான தாள் எழுதினால் மதிப்பெண் கூடும், கடினமான தாள் எழுதினால் குறையும். ஆள் என்னவோ அதே ஆள்தான். போன வருடத் தாளில் 70 வாங்கியவரும் இந்த வருடத் தாளில் 62 வாங்கியவரும் மோதினால் யார் மேல்? பதில் சொல்ல வழியில்லை.

டென்மார்க்கைச் சேர்ந்த கணிதவியலாளர் கியோர்க் ராஷ் 1960-இல் வெளியிட்ட நூலில் இந்த முடிச்சை அவிழ்த்தார். அவர் செய்தது கேட்க எளிமையாக இருக்கும். ஆளின் திறனையும் கேள்வியின் கடினத்தையும் தனித்தனி எண்களாக்கி, இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்தார். சரியான விடை வரும் வாய்ப்பு அந்த இரண்டின் வித்தியாசத்தை மட்டும் பொறுத்தது. வித்தியாசம் சுழியம் என்றால் வாய்ப்பு 50 சதவீதம். திறன் ஒரு அலகு கூடுதலாக இருந்தால் 73, இரண்டு அலகு கூடுதல் என்றால் 88. ஒரு அலகு குறைவு என்றால் 27. சதுரங்கம் ஆடுகிறவர்களுக்கு இது எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். அர்பாத் ஈலோ வகுத்த தரவரிசை முறையின் இன்று பரவலாக இருக்கும் வடிவில், 400 புள்ளி வித்தியாசம் என்றால் எதிர்பார்ப்பு மேலே இருப்பவருக்குச் சாதகமாகப் பத்துக்கு ஒன்று. அதன் அடியில் ஓடுவதும் இதே வளைவுதான். மாணவரும் கேள்வியும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டால் போதும். விடை சரியானால் மாணவரின் புள்ளி ஏறும், கேள்வியின் புள்ளி இறங்கும். சில கற்றல் செயலிகள் உண்மையிலேயே இப்படித்தான் தங்கள் கேள்விகளின் கடினத்தைக் கணக்கு வைத்திருக்கின்றன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ராஷின் மாதிரியில், ஒரே தாளை எழுதிய இருவர் ஒரே மொத்தம் வாங்கியிருந்தால், எந்தக் கேள்விகள் சரி, எந்தக் கேள்விகள் தவறு என்று பார்க்க வேண்டிய தேவையே இல்லை. திறன் மதிப்பீடு இம்மி பிசகாமல் ஒன்றாகவே வரும். நம் இரண்டு மாணவர்களும் இங்கேயும் சமம்! முதல்முறை இதைப் படித்தபோது, இத்தனை கணிதம் போட்டு வந்த இடத்துக்கே வந்து நிற்கிறோமே என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் ராஷ் இதைக் குறையாகப் பார்க்கவில்லை, மாதிரியின் அழகாகவே பார்த்தார். மொத்தத்தைப் போட்டு ஒப்பிடுவது எந்த நிபந்தனையில் நியாயம் என்பதை அது துல்லியமாகச் சொல்லிவிடுகிறது. எல்லாக் கேள்விகளும் ஒரே திறனை ஒரே கூர்மையோடு சோதிக்க வேண்டும். அந்த நிபந்தனை பொய்த்தால் மொத்தமும் பொய்த்துவிடும்.

அப்புறம் வந்தவர்கள் அந்த நிபந்தனையைத் தளர்த்தினார்கள். ஆலன் பர்ன்பாம் 1968-இல், ஃபிரெடரிக் லார்டும் மெல்வின் நோவிக்கும் எழுதிய நூலில் தான் எழுதிய அத்தியாயங்களில், ஒவ்வொரு கேள்விக்கும் 'எவ்வளவு கூர்மையாகப் பிரித்துக் காட்டுகிறது' என்று இன்னொரு எண்ணையும், குருட்டு யூகத்துக்கு மூன்றாவதாக ஒரு எண்ணையும் வைத்தார். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில், ஒன்றுமே தெரியாதவருக்கும் வாய்ப்பு சுழியத்துக்குப் போகாது, நான்கில் ஒன்றை ஒட்டி நின்றுவிடும். இந்த மாதிரிகளின் குடும்பத்துக்கு ஐட்டம் ரெஸ்பான்ஸ் தியரி என்று பெயர்.

இந்தக் குடும்பத்திலிருந்து வந்த, அன்றாடப் பயன் உள்ள ஒரு கணக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஒரு கேள்வி நமக்கு எவ்வளவு தகவல் தருகிறது? ராஷ் மாதிரியில் அது, சரியாகும் வாய்ப்பையும் தவறாகும் வாய்ப்பையும் பெருக்கினால் வருவது. பாதிக்குப் பாதி என்றால் 0.5 × 0.5 = 0.25. மாணவர் 88 சதவீதம் சரியாகச் சொல்லிவிடுவார் என்ற கேள்வியில் 0.88 × 0.12, அதாவது 0.106 மட்டுமே. பாதிகூட இல்லை. விடை இன்னதுதான் என்று முன்கூட்டியே தெரிந்த கேள்வியைக் கேட்டு என்ன பிரயோஜனம்? மாணவரின் நிலைக்குத் தக்கபடி அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் கணினித் தேர்வுகளின் அடிப்படை முழுக்க இதுதான். சரியாகச் சொன்னால் கொஞ்சம் கடினம், தவறினால் கொஞ்சம் சுலபம். மேலாண்மைப் படிப்புகளில் சேர எழுதும் ஜிமேட் தேர்வு 1997-இல் இந்த முறைக்கு மாறியது.

இதே கணக்கு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. தகவலைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, ஒன்றை அதனால் வகுத்தால் திட்டப்பிழை, அதாவது மதிப்பீடு எவ்வளவு முன்பின் ஆடலாம் என்பதன் அளவு, கிடைக்கும். ஒவ்வொரு கேள்வியும் மிகச் சரியாக 0.25 தந்தால்கூட, திட்டப்பிழையை 0.3 அலகுக்குக் கொண்டுவர சுமார் 45 கேள்விகள் வேண்டும். 88 சதவீதக் கேள்விகளாகப் போட்டால் நூறைத் தாண்டிவிடும். பத்துக் கேள்வி கொண்ட ஒரு சின்னத் தேர்வை வைத்து 'இவர் அவரைவிடக் கெட்டிக்காரர்' என்று சொல்வதில் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

பல நாடுகளின் 15 வயது மாணவர்களை ஒப்பிட 2000 முதல் நடந்துவரும் பிசா ஆய்விலும் இந்தக் குடும்பத்து மாதிரிகள்தான். அங்கே ஒரு மாணவர் எல்லாக் கேள்விகளையும் எழுதுவதில்லை, ஆளுக்கொரு பகுதிதான். நாட்டின் பரவலைக் கணிக்க அது போதும். தனி ஒரு மாணவரின் மதிப்பெண் அங்கே யாருடைய நோக்கமும் இல்லை. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு எண்ணுக்குப் பதில், அவர் இருக்கக்கூடிய இடங்களைக் குறிக்கும் பல எண்கள் தரப்படுகின்றன. தரவரிசைப் பட்டியலை மட்டும் எடுத்துப் போடும் செய்திகளில் இந்தப் பகுதி காணாமல் போய்விடும்.

சரி, கழித்தல் மாணவரிடம் திரும்புவோம். அவரைப் புரிந்துகொள்ள ஒற்றை எண் உதவாது. என்ன தெரியும், என்ன தெரியாது என்ற பட்டியல் வேண்டும். கிகுமி தட்சுவோகா 1980-களில் பின்னக் கழித்தலை வைத்துச் செய்த ஆய்வுகள் இந்தப் பாதையைத் திறந்தன. முதலில் ஒரு அட்டவணை போட வேண்டும். வரிசைகளில் கேள்விகள், பத்திகளில் திறன்கள், இந்தக் கேள்விக்கு இந்தத் திறன் வேண்டுமென்றால் கட்டத்தில் 1, வேண்டாமென்றால் 0. நாலே மூன்றில் ஒன்றிலிருந்து இரண்டே மூன்றில் இரண்டைக் கழிக்க வேண்டும் என்று வையுங்கள். முழு எண்ணிலிருந்து ஒன்றைக் கடன் வாங்கி மூன்றில் நான்காக மாற்றத் தெரிய வேண்டும், தொகுதிகளைக் கழிக்கத் தெரிய வேண்டும், முழு எண்களைத் தனியாகக் கழிக்கத் தெரிய வேண்டும். இந்த மூன்று திறன்களில் எது இல்லாவிட்டாலும் விடை வராது. பிறகு, எல்லாம் தெரிந்தும் கைப்பிசகாகத் தவறுவதற்கு ஒரு வாய்ப்பு, தெரியாமலே சரியாகிவிடுவதற்கு ஒரு வாய்ப்பு என்று ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு எண்களைச் சேர்த்தால் மாதிரி தயார். அது 'உன் திறன் 0.7' என்று சொல்லாது. 'தொகுதிகளைக் கழிக்க வருகிறது, கடன் வாங்கத்தான் வரவில்லை' என்று சொல்லும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 1-களையும் 0-களையும் யார் போட்டது? கணிதம் அல்ல, ஒரு குழு உட்கார்ந்து போட்டது. இரண்டு நிபுணர்களிடம் ஒரே கேள்வித்தாளைக் கொடுத்தால் இரண்டு அட்டவணைகள் வரலாம். மாணவர் வேறொரு குறுக்குவழியில் கணக்கைப் போட்டிருந்தால் அட்டவணையே அவருக்குப் பொருந்தாது. அதைவிட மோசமான இன்னொன்றும் உண்டு. இரண்டு திறன்கள் ஒவ்வொரு கேள்வியிலும் ஜோடியாகவே வந்தால், அவற்றில் எது மாணவரிடம் இல்லை என்று எந்தக் கணினியாலும் பிரிக்க முடியாது. ஆயிரம் மாணவர்கள் எழுதினாலும் சரி, பத்து லட்சம் பேர் எழுதினாலும் சரி. தரவு அதிகமானால் எல்லாம் தெளியும் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கேள்வித்தாளில் இல்லாத தகவல் விடைத்தாளிலும் இருக்காது.

ழான்-போல் துவான்யோனும் ழான்-க்ளோத் ஃபல்மான்யும் 1985-இல் வேறு பக்கமிருந்து வந்தார்கள். அவர்கள் திறனை எண்ணாகப் பார்க்கவில்லை, கணமாகப் பார்த்தார்கள். கூட்டல், கழித்தல், பெருக்கல், நீள்வகுத்தல் என்று நான்கு விஷயங்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் தெரியும் அல்லது தெரியாது என்றால் 16 நிலைகள். ஆனால் கூட்டல் தெரியாமல் கழித்தலோ பெருக்கலோ வராது, அவை இரண்டும் இல்லாமல் நீள்வகுத்தல் வராது என்று வைத்தால், 16-இல் 6 மட்டுமே மிஞ்சும். 20 விஷயங்கள் என்றால் கணக்குப்படி பத்து லட்சத்துக்கும் மேல் நிலைகள் வரும், முன்தேவைகள் அதில் பெரும்பகுதியை வெட்டித் தள்ளிவிடும். லாபம் இதுதான்: நீள்வகுத்தலில் ஒருவர் தேறிவிட்டால், மற்ற மூன்றையும் அநேகமாகக் கேட்க வேண்டியதே இல்லை. அலெக்ஸ் என்ற கணிதக் கற்றல் மென்பொருள் இந்தக் கோட்பாட்டின் மேல் கட்டப்பட்டது.

இதுவரை பார்த்த மாதிரிகள் எல்லாம் புகைப்படம் மாதிரி. அந்த நேரத்தில் ஆள் எங்கே நிற்கிறார் என்று மட்டும் சொல்லும். பயிற்சியில் உட்கார்ந்திருப்பவரோ நகர்ந்துகொண்டே இருக்கிறார். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் கார்பெட்டும் ஜான் ஆண்டர்சனும் 1990-களின் நடுவில் முன்வைத்த அறிவுத்தடம் பின்பற்றும் முறை இதற்கானது. ஒரு திறனுக்கு நான்கே எண்கள். தொடங்கும்போதே தெரிந்திருக்கும் வாய்ப்பு, ஒரு பயிற்சியில் கற்றுக்கொண்டுவிடும் வாய்ப்பு, தெரியாமல் சரியாகும் வாய்ப்பு, தெரிந்தும் தவறும் வாய்ப்பு.

எடுத்துக்காட்டுக்கு நானே எண்களைப் போடுகிறேன்: முறையே 0.3, 0.1, 0.2, 0.1. முதல் கேள்வி சரி. தெரிந்து சரியானது 0.3 × 0.9 = 0.27. தெரியாமல் சரியானது 0.7 × 0.2 = 0.14. ஆக மொத்தம் 0.41-இல் 0.27, அதாவது 0.66. இந்தப் பயிற்சியிலேயே கற்றிருக்கலாம் என்பதற்குக் கொஞ்சம் சேர்த்தால் 0.69. இரண்டாவதும் சரி என்றால் 0.92. மூன்றாவது தவறு என்று வைத்துக்கொள்வோம். நம்பிக்கை சரிந்து 0.63-க்கு வந்துவிடும். நான்காவது சரி, 0.90. ஐந்தாவது சரி, 0.98. இந்தத் துறையில் 0.95-ஐத் தாண்டினால் 'தேர்ச்சி' என்று வைத்துக்கொண்டு அடுத்த திறனுக்குப் போவது வழக்கம். ஒரு தவறுக்கு விலை இரண்டு கூடுதல் கேள்விகள். தவறும் வாய்ப்பை 0.1-க்குப் பதில் 0.3 என்று வைத்தால் அதே தவறு இவ்வளவு அடி அடிக்காது. தட்டச்சுப் பிழை அடிக்கடி வரும் கைபேசித் திரையில் எது நியாயமான எண்? இதையும் யாரோ முடிவு செய்தாக வேண்டும். தரவிலிருந்தே கணிக்கலாம்தான். ஆனால் வெவ்வேறு எண் தொகுப்புகள் ஒரே மாதிரி கணிப்புகளைத் தந்து, மாணவருக்கு என்ன தெரியும் என்பதில் மட்டும் முரண்படுவதுண்டு என்பது இந்த மாதிரியைக் கையாள்பவர்களுக்குப் பழைய தலைவலி.

இந்த மாதிரியின் இன்னொரு பலவீனம், அதில் மறதியே கிடையாது. ஒருமுறை வந்த திறன் வந்ததுதான். ஹெர்மன் எபிங்ஹவுஸ் தன்னையே பரிசோதனைப் பொருளாக்கி, அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, மறதியின் வளைவை 1885-இலேயே வெளியிட்டுவிட்டார். மொழி கற்பிக்கும் செயலிகள் இதை விட்டுவைக்க முடியாது. 2016-இல் டுவோலிங்கோ ஆய்வாளர்கள் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு அரை ஆயுள், அதாவது அது நினைவில் இருக்கும் வாய்ப்பு பாதியாகக் குறைய ஆகும் காலம், கணிக்கும் முறையை வெளியிட்டார்கள். அரை ஆயுள் 4 நாள் என்றால், 8 நாள் கழித்து அந்தச் சொல் நினைவில் இருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. சரியாகச் சொல்லச் சொல்ல அரை ஆயுள் நீளும்.

2015-இல், தரவிலிருந்து தாமே கற்றுக்கொள்ளும் கணினி மாதிரிகளான நரம்பு வலைப்பின்னல்கள் உள்ளே வந்தன. கிறிஸ் பீச்சும் உடன் ஆய்வாளர்களும் திறன் பட்டியல், நான்கு எண்கள் எல்லாவற்றையும் தூக்கி வைத்துவிட்டு, விடைகளின் வரிசையை மட்டும் வலைப்பின்னலுக்கு ஊட்டினார்கள். அடுத்த விடையைக் கணிப்பதில் பெரிய பாய்ச்சல் என்று பேசப்பட்டது. மறு வருடமே வேறொரு குழு, பழைய மாதிரியோடு மறதியையும் மாணவருக்கு மாணவர் வேறுபடும் திறனையும் இன்னும் ஓரிரு நுணுக்கங்களையும் சேர்த்தால், அதுவும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் கணிக்கிறது என்று காட்டியது. 2018-இல் இன்னொரு கட்டுரை, மாணவர் சரியாகச் சொன்ன பிறகும் அந்தத் திறனில் வலைப்பின்னலின் நம்பிக்கை சில சமயம் கீழே இறங்குவதைச் சுட்டிக்காட்டியது. அடுத்த விடையைச் சரியாகக் கணிப்பது வேறு, மாணவருக்கு என்ன தெரியும் என்று சொல்வது வேறு. முன்னதற்குப் பரிசு கொடுத்துவிட்டுப் பின்னதை எதிர்பார்த்தால் இப்படித்தான் ஆகும்.

கடைசியாக, கழித்தல் மாணவரின் தாளை அந்த நான்கு எண்களிடம் கொடுத்துப் பார்க்கலாம். திறனுக்கு 'கழித்தல்' என்று பெயர் வைத்து, மேலே சொன்ன அதே எண்களைப் போடுகிறேன். 64−21 சரி, 0.69. 98−55 சரி, 0.92. 87−35 சரி, 0.98. கோட்டைத் தாண்டியாயிற்று, தேர்ச்சி! 52−27 என்ற கேள்வி திரைக்கு வரவே வராது. பெரியதிலிருந்து சிறியதை எடுக்கும் விதியோடு, அவர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். சூத்திரத்தில் ஒரு பிழையும் இல்லை.

திறனை இரண்டாகப் பிரித்து, 'கடன் வாங்காத கழித்தல்', 'கடன் வாங்கும் கழித்தல்' என்று வையுங்கள். முதலாவதில் அதே 0.98. இரண்டாவதில் மூன்றும் தவறு, 0.3-லிருந்து இறங்கி 0.11-க்கு வந்து நிற்கிறது. அதற்குக் கீழே போகாது. ஒவ்வொரு தவறுக்குப் பிறகும் 'இந்தப் பயிற்சியில் கற்றிருப்பாரோ' என்று 0.1 வாய்ப்பை இந்த மாதிரி சேர்த்துக்கொண்டே இருக்கும். இப்போது ஆசிரியருக்குத் தெரிந்தது மாதிரிக்கும் தெரிகிறது.

அத்தோடு முடியவில்லை. 70−34-இல் மேலே இருப்பது சுழியம். 402−137-இல் சுழியத்தைத் தாண்டிக் கடன் வாங்க வேண்டும். அந்த இரண்டுக்கும் தனித்தனித் தவறான விதிகள் உண்டு. அவற்றையும் பிரித்தால் நான்கு திறன்கள். ஒரு தவறும் வராமல் போனாலே திறனுக்கு மூன்று கேள்விகள், கழித்தலுக்கு மட்டும் பன்னிரண்டு. ஆறு கேள்வித் தாளில் அதற்கு இடமில்லை.